தலையை எண்ணி ஆசிரியரைத் தரும் கணக்கு மலைப் பள்ளிக்குப் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிக்கூடத்துக்காக மனு கொடுக்காத ஊர் குறைவு. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை மனுக்களுக்கு நடுவே ‘எங்கள் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும்’ என்ற மனுவும் இருக்கும். அந்த மனு முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போய், அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் இறங்கி, கடைசியில் அதே பள்ளித் தலைமையாசிரியரிடமே விளக்கம் கேட்டு வந்து நிற்கும். ‘மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர்கள் பணியில் உள்ளனர்’ என்று பதில் எழுதி மனுவை முடித்துவிடுவார்கள். அந்தப் பதிலில் பொய் இல்லை. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அந்த விதி நம் மலைக்கும் காட்டுக்கும் பொருந்தவில்லை என்பதுதான் சிக்கல். ஆகவே மனு கொடுப்பவர்கள் ஆளைக் கேட்பதோடு நிற்காமல் விதியை மாற்றவும் கேட்க வேண்டும் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்வது இது: தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஐந்து வகுப்பு இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் அஞ்செட்டிக் காட்டுக்குள்ளும் உள்ள சிற்றூர்களில் ஒரு பள்ளிக்கு 61 குழந்தைகள் எங்கிருந்து வருவார்கள்? ஊரே நாற்பது, ஐம்பது வீடுதான். அங்கெல்லாம் ஈராசிரியர் பள்ளியே நிரந்தரம்.

ஈராசிரியர் பள்ளியில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை அதிகாரிகள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கான மாநில அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ முறையில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்த வேண்டும். ஒரு ஆசிரியர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மூன்று நிலைக்கும் தனித்தனியாக வேலை கொடுக்கிறார். பக்கத்து அறையில் தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்த்துக்கொண்டே வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றுகிறார். சிக்னல் கிடைக்காத ஊரில் அதற்காகவே மேட்டுக்கு நடக்கிறார். சத்துணவு அமைப்பாளர் பணியிடம் காலியாக இருந்தால் அரிசி இருப்புக் கணக்கும் அவர் தலையில்தான் விழும். இதில் ஒருவருக்கு வட்டார வளமையத்தில் பயிற்சி என்று அழைப்பு வந்தால், அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். மகப்பேறு விடுப்பு என்றால் மாதக்கணக்கில் அதே நிலை. தமிழ் வழியோடு ஆங்கில வழியும் சேர்ந்தே நடக்கும் பள்ளியில் ஐந்து வகுப்பு பத்தாகிறது; ஆசிரியர் அதே இருவர்.

இந்தச் சட்டம் குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது. அதற்கு மேல் ஆசிரியரைத் தரக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை. மாநில அரசு ஓர் அரசாணை போட்டால் போதும்: மலைப்பகுதி, வனப்பகுதிப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் குறைந்தது 3 ஆசிரியர். ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் ஒருவர், மூன்றாமவர் நிர்வாகத்தையும் விடுப்பு, பயிற்சி நாட்களையும் ஈடுகட்ட. எங்கள் முதல் கோரிக்கை இதுதான். 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கையை அரசு வெளியிட்டிருக்கிறது. அதைச் செயல்படுத்த வரும் ஆணைகளில் இதற்கு இடம் கொடுப்பது பெரிய காரியமல்ல.

எண்ணிக்கை எடுக்கும் நாளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரத்தை வைத்துத்தான் எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்ற பணியாளர் நிர்ணயம் செய்கிறார்கள். நம் இரு மாவட்டங்களிலும் பொங்கலுக்குப் பின் குடும்பத்தோடு செங்கல் சூளைக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் கிளம்புகிறவர்கள் ஏராளம். பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வராவிட்டால் எமிஸ் என்கிற கல்வித் துறை இணையப் பதிவில் அதன் பெயர் பள்ளிப் பட்டியலிலிருந்து நீங்கி, எந்தப் பள்ளியிலும் சேராதவர்களுக்கான பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். ஜூனில் குடும்பம் திரும்பி, பிள்ளையும் வந்து வகுப்பில் உட்கார்ந்துவிடும். ஆனால் பொதுத் தொகுப்பிலிருந்து பெயரை மீட்டெடுக்கும் வேலை, புதுச் சேர்க்கை நெருக்கடியில் தள்ளிப்போகும். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் ஒரு பெயர் என்றால் இன்னும் இழுக்கும். ஆகஸ்ட் 1 தாண்டினால் அந்தப் பிள்ளை கணக்கில் இல்லை. 62 பேர் படிக்கும் பள்ளி காகிதத்தில் 59 ஆகி, மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’ என்று பெயர் பெற்று, பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். போனவரை அடுத்த ஆண்டு திரும்பக் கொண்டுவருவது லேசான வேலையல்ல.

பெற்றோர் இதைத் தடுக்க முடியும். ஜூலை கடைசி வாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, எமிஸ் பட்டியலை வகுப்புவாரியாக வாசிக்கச் சொல்லுங்கள். குழுவில் உள்ள தாய்மார்களுக்குத் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பு என்று அத்துப்படி. விடுபட்ட பெயரை அங்கேயே குறித்து, வட்டார எமிஸ் ஒருங்கிணைப்பாளரிடம் அன்றைக்கே சேர்த்துவிடலாம். அதோடு, வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதிகமுள்ள ஒன்றியங்களில் ஒரே நாள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, முந்தைய மூன்று ஆண்டு சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது கோரிக்கை. சராசரி எடுத்தால் ஒரு பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் ஓர் ஆசிரியர் இடம் ஆட்டம் காணாது.

பணத்துக்கு வருவோம். மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளது. 30 குழந்தைகள் வரை ஆண்டுக்கு ரூ.10,000. அதற்கு மேல் 100 வரை ரூ.25,000. 250 வரை ரூ.50,000. 1,000 வரை ரூ.75,000. அதையும் தாண்டினால் ரூ.1,00,000. இதில் குறைந்தது 10 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். 31 பேர் இருந்த பள்ளியில் ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போனால் மானியம் ரூ.15,000 குறைகிறது. ரூ.10,000 என்பது மாதத்துக்கு ரூ.833. சுண்ணக்கட்டி, பதிவேடு, துடைப்பம், பினாயில், குழாய் வாஷர், மின்விசிறி ரிப்பேர், பழுதான மோட்டார் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மோட்டார் காயில் ஒரு முறை எரிந்தால் சில மாதப் பணம் போய்விடும். கழிப்பறைக்குத் தண்ணீர் வராமல் போனால் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள்தான் முதலில் வராமல் நிற்பார்கள். சின்னப் பள்ளிக்கும் பெரிய பள்ளிக்கும் ஒரு மோட்டார், ஒரு தொட்டி, ஒரு கழிப்பறை வரிசை என்கிற அடிப்படைச் செலவு ஒன்றுதான். ஆகவே எல்லாப் பள்ளிக்கும் ரூ.25,000 அடிப்படைத் தொகை, அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று மாற்ற வேண்டும். மத்திய விதி மாறும்வரை குறையும் தொகையை மாநில அரசு தன் நிதியிலிருந்து போடலாம். 2025-26இல் பள்ளிக் கல்விக்கு ரூ.46,767 கோடி ஒதுக்கிய மாநிலத்துக்குச் சிறு பள்ளிகளுக்கான இந்த வித்தியாசம் பாரமாகாது.

மானியம் வந்து சேரும் காலமும் கெடுதலாக இருக்கிறது. நிதியாண்டின் பின்பகுதியில் தொகை வந்து, மார்ச் 31க்குள் செலவு காட்டாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற நிலையில், தேவை பார்த்து வாங்க நேரமே இல்லை. ஒரே கடை ரசீதில் பத்துப் பொருள் வந்து இறங்குவது அப்படித்தான். குழு உறுப்பினர்கள் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து வைப்பதற்கு முன் ரசீதையும் இருப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். தலைமையாசிரியர் நல்லவராகவே இருந்தாலும் தணிக்கையில் அவரைக் காப்பாற்றப்போவதும் ஒழுங்கான பதிவேடுதான்.

மத்திய அரசின் நிலைப்பாட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்றுப் பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, மேலே சொன்ன ஒருங்கிணைந்த திட்டத்தில் 2024-25இல் தமிழகத்துக்கு வர வேண்டிய ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, இச்சட்டத்துக்கான நிதிப் பொறுப்பை மத்திய, மாநில அரசுகள் இரண்டின் மீதும் சுமத்துகிறது. வேறொரு திட்டத்தில் கையெழுத்து வாங்குவதற்காக அந்தப் பணத்தை நிறுத்துவது அநியாயம். கொள்கையில் யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், உரிகத்திலோ பெட்டமுகிலாளத்திலோ படிக்கும் பிள்ளையின் கழிப்பறைத் தண்ணீரை அதற்குப் பணயம் வைக்கக் கூடாது. இரு மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதை விடாமல் கேட்க வேண்டும்.

தில்லிப் பணம் வரும்வரை கை கட்டி நிற்கவும் தேவையில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட் குவாரி மாவட்டம். குவாரிகளிடமிருந்து வசூலாகும் தொகை, கலெக்டர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளையில் சேர்கிறது. இந்த நிதியில் முன்பு 60 விழுக்காடும், 2024 திருத்தத்துக்குப் பின் 70 விழுக்காடும் உயர் முன்னுரிமைப் பணிகளுக்குப் போக வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அந்தப் பட்டியலில் கல்வி இருக்கிறது. கூடுதல் வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் மட்டுமல்ல. தொலைதூர ஊர்களில் மாணவர், ஆசிரியர் தங்குமிடம், ஆசிரியர் நியமனம், பிள்ளைகளை ஏற்றிவர வேன் ஆகியவையும் அதில் சொல்லப்பட்டுள்ளன. குவாரியால் பாதிக்கப்பட்ட பகுதிக்கே இப்பணத்தில் முதல் உரிமை என்பதால் எல்லா ஊரும் கேட்க முடியாது. ஆனால் லாரித் தூசியும் வெடிச் சத்தமும் எட்டும் தூரத்தில் உள்ள பள்ளிகள் உரிமையோடு கேட்கலாம். அறக்கட்டளையின் ஆண்டுத் திட்டத்தில் நம் ஒன்றியப் பள்ளிகள் எத்தனை இடம்பெற்றன என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

வேனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாநில விதிப்படி தொடக்கப்பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப்பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். அது முடியாத குடியிருப்புகளுக்குப் போக்குவரத்து அல்லது துணையாள் வசதிக்காக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ரூ.6,000 வரை ஒருங்கிணைந்த திட்டத்தில் இடமுண்டு. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ரூ.600. சமவெளியில் ஆட்டோ கிடைக்கும். காட்டுப் பாதையில் ஏறி இறங்கும் ஜீப்புக்கு, ஏழெட்டுப் பிள்ளைகளின் தொகையைச் சேர்த்தாலும் டீசல் போட்டு ஓட்டுநருக்குக் கூலி கொடுக்கக் கட்டாது. வண்டி சில வாரம் வந்து நின்றுபோவதற்குக் காரணம் ஓட்டுநரின் அலட்சியம் இல்லை, இந்தக் கணக்கு. மலைப்பகுதிக்குத் தனி வீதம் வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கோட்டூர்மலைக்குக் கொண்டுபோகத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்த மலைப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரவும் வழி செய்ய முடியும்.

காலிப் பணியிடம் பற்றிய சட்டப் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி அரசு நடத்தும் ஒரு பள்ளியில் காலியிடம், அப்பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாவட்டச் சராசரி, மாநிலச் சராசரி என்ற பேச்சுக்கே இடமில்லை, பள்ளிதான் கணக்கு. இரண்டு பணியிடம் உள்ள பள்ளியில் ஒன்று காலி என்றால் அது 50 விழுக்காடு. ஐந்தில் ஒன்று காலி என்றால் 20. ஆகவே சின்னப் பள்ளியில் ஒரு நாற்காலி காலியானாலே சட்ட மீறல் ஆகிவிடுகிறது. மாறுதல் கலந்தாய்வில் மலைப் பள்ளி ஆசிரியர் இடம் வாங்கிவிட்டால், அவருக்குப் பதில் ஆள் வந்து பணியேற்ற பிறகே விடுவிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால் பாதிச் சிக்கல் தீரும். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் நியமிக்க 2022இல் அனுமதி வந்தபோது தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500, பட்டதாரிக்கு ரூ.10,000, முதுநிலைக்கு ரூ.12,000. பிறகு இது முறையே 12,000, 15,000, 18,000 ஆனது. மலையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்க இந்தத் தொகை போதாது. அதுவும் தாமதமாக வந்தால் ஆண்டு நடுவிலேயே ஆள் போய்விடுகிறார். தளி, கெலமங்கலம், ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பிரிவுகளில் தகுதியான ஆள் கிடைப்பதே அரிது; அதற்குச் சிறப்புத் தேர்வு ஒன்றை அரசு யோசிக்க வேண்டும்.

காலியிடத்தை நிரூபிக்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தொடக்கக் கல்வி மாவட்டக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் ஆசிரியர் இல்லை’ என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். ‘இன்ன ஒன்றியத்தில் இன்ன தேதி நிலவரப்படி பள்ளிவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், மாற்றுப்பணியில் சென்றவர்கள், சென்ற இடம், ஆணை நகல்’ என்று பட்டியலாகக் கேளுங்கள். மாற்றுப்பணி என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். காகிதத்தில் இந்தப் பள்ளி, வேலை வேறு இடத்தில் என்பவர்கள் அதில்தான் வெளிப்படுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கட்டட விஷயத்தில் தவறான கதவைத் தட்டியே பலருக்கு ஆண்டு போகிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் ஒன்றியப் பொறியாளரிடமும் போக வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பழைய கட்டடங்கள் மளமளவென்று இடிக்கப்பட்டன. இடித்த வேகம் கட்டுவதில் இல்லாததால் மரத்தடியிலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்பு நடந்த ஊர்கள் உண்டு. மனுவில் ‘அடிப்படை வசதி செய்து தருக’ என்று எழுதினால் யாராலும் மதிப்பீடு போட முடியாது. ‘இரண்டாம் அறையின் மேற்குச் சுவரில் உத்தரம் வரை விரிசல், தளத்தில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது, அறையில் உட்காருவோர் 28 பேர், கட்டிய ஆண்டு இது’ என்று எழுதி, தேதி தெரியும் புகைப்படம் இரண்டு இணைத்தால் பொறியாளர் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் பார்த்துக் கேட்க வேண்டும். நம் ஊர்ப் போராட்டங்கள் பெரும்பாலும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நடக்கின்றன. அப்போது அந்த ஆண்டு நிதி பங்கு பிரித்து முடிந்திருக்கும். அடுத்த ஆண்டுக்கான திட்டமும் மதிப்பீடும் அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே தயாராகத் தொடங்கிவிடுகின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவில் பள்ளி வளர்ச்சித் திட்டம் என்ற ஒன்று இருக்கிறது. வகுப்புவாரி மாணவர் மதிப்பீடு, தேவைப்படும் கூடுதல் ஆசிரியர், கட்டடம், அதற்கான பணம் ஆகியவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவே எழுதித் தர வேண்டும். அரசு தரும் திட்டத்துக்கும் மானியத்துக்கும் அதுதான் அடிப்படை என்று அதே பிரிவு சொல்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். 2024 மறுகட்டமைப்பில் தமிழகத்தில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். அந்த 24 பேர் ஆகஸ்ட் 1 எண்ணிக்கை முடிந்த கையோடு திட்டத்தை எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசித்து, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக்கி, நவம்பர் 1க்குள் நகலைக் கையில் வாங்கிவிட வேண்டும். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சியிலும் தீர்மானம் பதிவாகத்தான் வேண்டும். அந்த நகலைக் கல்வித் துறைக்கும் ஒன்றியத்துக்கும் கொடுத்து ஒப்புகை பெற்று வையுங்கள். பிறகும் அசைவில்லை என்றால் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப் புகார். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு மாநிலத்தில் 80.09 விழுக்காடு, தருமபுரியில் 68.54, கிருஷ்ணகிரியில் 71.46. மாநிலத்தின் கடைசிப் படியில் இருந்த மாவட்டத்துக்கும் முன்வரிசை மாவட்டத்துக்கும் ஒரே ஆசிரியர் கணக்கு, ஒரே மானியப் படி என்பதை இனியும் ஏற்க முடியாது. இரு மாவட்டங்களிலும் 11 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை பேரவைக்கு வரும் நாளில் அந்த 11 உறுப்பினர்களும் கட்சி பாராமல், மலைப் பள்ளிக்கு மூன்று ஆசிரியர், மூன்றாண்டுச் சராசரி, ரூ.25,000 அடிப்படை மானியம், மலைக்குத் தனி வாகன வீதம் ஆகிய நான்கையும் கேட்டு, அமைச்சரின் பதிலை அவைக் குறிப்பில் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஒன்றியவாரியாகக் காலிப் பணியிடப் பட்டியலைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் சிலர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.